பன்னு பாட்டு முடியும் வரை

"எங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு பாட்டா? அப்படி ஒண்ணும் கிடையாது. அவகிட்ட தனியா கேட்டுக்கோ."

மாவு மாஸ்டர் இதைச் சொன்னது, பேக்கரி பார்ட்டிக்குப் பாட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்த க்ரீமிடம். க்ரீமிடம் சொல்வதும் தெருமுனையில் மைக் வைத்துச் சொல்வதும் ஒன்றுதான். கேக்குக்குப் பூப் போடும் பெண். கையில் எப்போதும் க்ரீம் பை, வாயில் எப்போதும் யாராவது ஒருவரின் விஷயம். பகல் ஷிப்ட் ஏப்ரனைக் கட்டி முடிப்பதற்குள் சேதி மாஸ்டரின் மனைவி காதுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

அவளை அந்த பேக்கரியில் எல்லாரும் அடுப்பக்கா என்றார்கள். பகல் முழுக்க அடுப்பு அவள் பொறுப்பு. இரவு முழுக்க மாவு அவள் கணவன் பொறுப்பு. கல்யாணம் ஆன நாளிலிருந்து இதே கதைதான்.

"அப்படியா சொன்னாரு?"

"அப்படியேதான் சொன்னாருக்கா. முகத்துல ஒரு வருத்தம்கூட இல்ல. பஸ் எப்போ வரும்னு கேட்டா சொல்ற மாதிரி சொன்னாரு."

அடுப்பக்கா நீளக் கரண்டியை எடுத்து அடுப்புக் கதவைத் திறந்தாள். அனல் முகத்தில் அறைந்தது. கண் கொஞ்சம் கலங்கியது. அனலாகத்தான் இருக்க வேண்டும்.

கோபப்பட அவளுக்கு உரிமை இருந்தது. மறுக்க வழி இல்லை. மாஸ்டர் சொன்னது நிஜம். ஒரே கூரை, ஒரே ரேஷன், ஒரே சோப்பு. ஆனால் அவன் படுக்கும்போது அவள் வேலையில். அவள் படுக்கும்போது அவன் வேலையில். காலையில் பேக்கரியின் பின்வாசலில் ஒருவரை ஒருவர் கடப்பார்கள். "பன்னு உள்ள இருக்கு" என்பான் அவன். "சரி" என்பாள் அவள். சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழையும்போது அவன் ஷூ லேசைக் கட்டிக்கொண்டிருப்பான். குடும்பம் நடந்தது அவ்வளவுதான்.

"எனக்கும் அவருக்கும் சேர்த்து ஒரு இடம் வை" என்றாள் க்ரீமிடம்.

"என்ன பாட்டுக்கா?"

"கண்டுபிடிச்சுச் சொல்றேன்."

*

அந்த பேக்கரியின் பார்ட்டிக்கு ஒரு சட்டம் உண்டு. வருடத்தில் ஒரே ஒரு நாள் அடுப்பு அணைக்கப்படும். மெக்கானிக் உள்ளே இறங்கிக் கரி சுரண்டுவார். அன்று பகல் இரண்டு ஷிப்ட் ஆட்களும் பேக்கிங் அறையில் ஒன்றாகக் கூடுவார்கள். ஆளுக்கு ஒரு பாட்டு கேட்கலாம். கேட்டவர் தன் ஜோடியோடு நடுவில் வந்து நிற்க வேண்டும். ஆடத் தெரிந்தால் ஆடலாம், தெரியாவிட்டால் அசையலாம். ஆனால் பாட்டு முடியும் வரை ஜோடி நடுவிலிருந்து நகரக் கூடாது; முடிந்து கை தட்டும் வரை மற்றவர்களும் அறையை விட்டுப் போகக் கூடாது. முதலாளியம்மா போட்ட சட்டம் இது. மீறினால் அடுத்த ஒரு வாரம் தட்டுக் கழுவும் வேலை.

மாஸ்டர் இதுவரை ஒரு பார்ட்டிக்கும் வந்ததில்லை. அன்று அவனுக்குத் தூக்க நாள். அடுப்பக்கா ஒவ்வொரு வருடமும் க்ரீமோடு கை கோத்துக்கொண்டு அசைந்துவிட்டு வந்துவிடுவாள்.

இந்த வருடம் அது நடக்காது. ஒரு பாட்டு. முழுப் பாட்டு. அவனோடு. அவள் கேட்டது அவ்வளவுதான். ஆனால் அந்த பேக்கரியில் அது லேசில் நடக்கிற காரியம் இல்லை.

காரணம், அங்கே யாரும் பாட்டைப் பாட்டாகக் கேட்பதே இல்லை.

மாவுத் தூசியில் சுவர்க் கடிகாரங்கள் ஒவ்வொன்றாக உயிரை விட்டன. கை முழுக்க மாவு, போனைத் தொட முடியாது. டைமரின் மணி மாவு மிஷின் போடும் இரைச்சலில் அமுங்கிப் போகும். கடைசியில் முதலாளியம்மா பெரிய ஸ்பீக்கர் ஒன்றை வாங்கி உத்தரத்தில் கட்டினார். சத்தம் வந்தால் கவனிக்காதவர்கள்கூட, சத்தம் நின்றால் திரும்பிப் பார்ப்பார்கள் என்பது அவர் கணக்கு. தப்பவில்லை. தட்டு உள்ளே போகும்போது பாட்டைப் போடு. பாட்டு நின்றால் கதவைத் திற. ரஸ்குக்கு ஒரு பாட்டு, கேக்குக்கு ஒன்று, ரொட்டிக்கு மேடையில் பதிவு செய்த நீளமான பாட்டு ஒன்று. காதலனைப் பிரிந்த பெண் ஒருத்தி உருகி உருகிப் பாடுவாள். அது முடியும்போது அங்கே எல்லார் கண்ணும் ரஸ்கின் நிறத்தைப் பார்க்கும்.

ஆகவே பேக்கரிப் பாட்டு எதைப் போட்டாலும் கடைசி வரியில் கால் அடுப்பை நோக்கிப் போய்விடும். அவளுக்கும் சரி, அவனுக்கும் சரி. அடுப்பில் யாரும் எதையும் வேகவைக்காத பாட்டாக ஒன்று வேண்டும்.

அடுப்பக்கா தேடக் கிளம்பினாள்.

*

முதலில் அகப்பட்டவன் வேன் டிரைவர். பன்னும் ரொட்டியும் ஏற்றிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றுகிறவன். வேனின் ஹாரன் வேலை செய்யாது. பாட்டு மட்டும் வேலை செய்யும்.

"பாட்டுக்கா பஞ்சம்? ஏறி உக்காருங்கக்கா. என்கிட்ட இல்லாத பாட்டு இனிமேத்தான் எழுதணும்."

ஒன்றைப் போட்டான். அவள் கண்ணை மூடிக் கேட்டாள்.

"ரஸ்க்" என்றாள்.

அடுத்தது.

"கேக். அடுத்ததைப் போடு."

"அக்கா, இது கல்யாணத்துல போடற பாட்டு. கேட்டா கல்லும் அழும்."

"அழட்டும். எங்களுக்கு அது ரொட்டி. இந்த இடத்துல தட்டைத் திருப்பி வைக்கணும்."

வேன் டிரைவர் தலையைச் சொறிந்தான். பிறகுதான் உண்மையைக் கக்கினான். "தப்பா நினைக்காதீங்க. லோடு ஏத்தற நேரத்துல உங்க ஸ்பீக்கர்ல கேட்டுக் கேட்டுத்தான் இதெல்லாம் பிடிச்சுப் போச்சு. எல்லாம் அங்க எடுத்த சரக்குதான்."

"நல்லா இருக்குடா. என் வீட்டுப் பாத்திரத்தை எனக்கே பரிசாக் குடுக்கறே."

இறங்கி நடந்தாள். விடுவதாக இல்லை.

இரண்டாவது, அவர்கள் குடியிருக்கும் வீட்டின் கீழே இருந்த தையல்காரர். வாயில் ஊசியோடு பேசப் பழகியவர். அவர் கடையில் சின்ன ரேடியோ ஒன்று துணிக் குவியலுக்கு நடுவே எப்போதும் முணுமுணுத்துக்கொண்டிருக்கும்.

"அண்ணே, யாருக்கும் தெரியாத பாட்டா ஒண்ணு வேணும். எவ்வளவு நீளம்னு மட்டும் சொல்லாதீங்க. எனக்குத் தெரியவே கூடாது."

தையல்காரர் ஊசியை எடுத்துச் சட்டைக் காலரில் குத்தினார். "எல்லாரும் என்கிட்ட அளவு சொல்லத்தான் வருவாங்க. அளவே வேண்டாம்னு வந்தது நீ ஒருத்திதான்மா. என்ன விசேஷம்?"

"வீட்டுக்காரரோட சேர்ந்து கேக்கணும்."

அவர் தன் போனில் தேடி ஒரு பாட்டை அவளுக்கு அனுப்பினார். "என் சம்சாரத்துக்குப் பிடிச்சது. ரேடியோவுலகூட வராது. எடுத்துக்கோ, ஆனா பத்திரம்."

அவள் அதைக் கேட்கவில்லை. போனில் அந்தப் பாட்டின் பக்கம் விரல்கூடப் படாமல் பார்த்துக்கொண்டாள். கேட்டால் மனசு அளந்துவிடும். அளந்துவிட்டால் அது வெந்துவிடும்.

மறுநாள் க்ரீமுக்கு அனுப்பிவைத்தாள். "பார்ட்டி அன்னிக்குத்தான் போடணும். அதுக்கு முன்னாடி நீயும் கேக்காத, ஸ்பீக்கரும் கேக்கக் கூடாது."

"என்மேல நம்பிக்கை இல்லையாக்கா?"

இல்லைதான். ஆனால் பாட்டுப் பொறுப்பு க்ரீமிடம் இருந்தது. வேறு வழியும் இல்லை.

*

இரண்டு நாள் கழித்து, சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது மாஸ்டர் ஷூ லேசைக் கட்டியபடி எதையோ முனகிக்கொண்டிருந்தான்.

"நல்ல மூட்ல இருக்கீங்க போல" என்றாள் பையை வைத்துக்கொண்டே.

"விஷயம் தெரியாதா? புதுசா ஒரு பாட்டு வந்திருக்கு. க்ரீம் ஏதோ டெஸ்ட் பண்றேன்னு நேத்து சாயங்காலம் நீ கிளம்பினதும் போட்டுப் பார்த்திருக்கா. அப்போ பார்த்து எவனோ பட்டர் பிஸ்கட்டை உள்ள வச்சிருக்கான். எடுத்தா, அப்படி ஒரு நிறம். தங்கம். ராத்திரி முழுக்க நாங்க அதைத்தான் ஓட்டினோம்." அவன் முகம் மலர்ந்திருந்தது. "அந்த பிஸ்கட்டுக்குன்னே அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு."

தையல்காரரின் மனைவிக்குப் பிடித்த பாட்டு, ரேடியோவிலும் வராத பாட்டு, ஒரே ராத்திரியில் பட்டர் பிஸ்கட்டாகிப் போயிருந்தது.

"என்ன, முகம் ஏன் இப்படிப் போகுது?"

"ஒண்ணுமில்ல. பிஸ்கட் தீஞ்சுடாமப் பார்த்துக்கோங்க."

அன்று அவள் க்ரீமுக்கு போன் செய்து பேசியதை இங்கே எழுத முடியாது. க்ரீமே இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

*

பார்ட்டிக்கு முந்திய நாள் சாயங்காலம். பாட்டு இல்லை. தேட இடமும் இல்லை. அடுப்பக்கா அடுக்களையில் நின்று டீ போட்டுக்கொண்டிருந்தாள். இன்றைக்கு இரவு வேலைக்கு ஆள் வேண்டாம்; அடுப்பை அணைத்து ஆறவிட வேண்டும். அதை மேற்பார்வை பார்க்க மாஸ்டர் கொஞ்ச நேரம் போய்வர வேண்டியிருந்தது. கண்ணாடி முன்னால் நின்று முகத்துக்கு நுரை பூசிக்கொண்டே ஏதோ பாடினான்.

அழகான தொடக்கம். மெதுவாக மாடிப்படி ஏறுவது போல ஏறியது. அவளுக்கு அது எதுவென்று பிடிபடவில்லை. பிடிபடாததே அவளைத் தூக்கிப் போட்டது. அவளுக்குத் தெரியாத பாட்டு, அதுவும் இவன் வாயில்.

"என்ன பாட்டுங்க இது?"

"விளையாடறியா? பன்னு பாட்டு."

"பன்னு பாட்டா? பன்னு பாட்டு வயலின்ல இல்ல ஆரம்பிக்கும்?"

அவன் ரேசரைக் கன்னத்தில் வைத்தபடி கண்ணாடிக்குள் அவளைப் பார்த்தான். "வயலினோட முடியும்னு சொல்லு. வயலின் வந்தா நான் பின்வாசல்ல இருக்கணும். அதைத் தாண்டி நின்னா பஸ் போயிடும்."

"அதுக்கப்புறம்தான் பாட்டே இருக்கு."

"யாருக்குத் தெரியும்" என்று சிரித்துவிட்டு அவன் கன்னத்துக்குத் திரும்பினான்.

டீ பொங்கி அடுப்பில் வழிந்தது. அவள் பார்க்கவில்லை.

பன்னு ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவைதான் வேகும். ஷிப்ட் மாறும் நேரத்தில். சூடாக வேனில் ஏற்ற வேண்டும் என்பதற்காக அப்படி ஒரு ஏற்பாடு. தட்டை உள்ளே தள்ளிப் பாட்டைப் போடுவது அவன். வயலினில் அவன் வெளியே போவான், அவள் உள்ளே வருவாள். பாட்டு நின்றதும் கதவைத் திறந்து தட்டை எடுப்பது அவள். இத்தனை வருடமும் தினமும் ஒரே பாட்டைத்தான் இருவரும் கேட்டிருக்கிறார்கள். முதல் பாதி அவனுடையது. பின்பாதி அவளுடையது.

எங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு பாட்டும் கிடையாதாமே.

அவன் போனதும் க்ரீமைக் கூப்பிட்டாள். "பாட்டு கிடைச்சிடுச்சு. பன்னு பாட்டு."

க்ரீம் இரண்டு நாள் மௌனத்தை முறித்தாள். "அக்கா, தலையில ஏதாவது அடிபட்டுச்சா? அது முடிஞ்சா மொத்தக் கூட்டமும் அடுப்புக்கு ஓடும்."

"ஓடட்டும். நாங்க ஓட மாட்டோம்."

*

மறுநாள் காலையில் முதல் சிக்கல் மாஸ்டர்தான்.

"நான் வரல. ஒரு நாளாவது ஆசைதீரத் தூங்க விடு."

"தூங்குங்க" என்றாள் அடுப்பக்கா. குரலில் சண்டை இல்லை. வீட்டில் இருந்த அத்தனை தலையணைகளையும் ஒரு பெட்ஷீட்டில் போட்டு மூட்டையாகக் கட்டித் தோளில் ஏற்றினாள்.

"அது எங்க போகுது?"

"பார்ட்டிக்கு. தூங்கணும்னா அங்க வந்து தூங்குங்க."

பேக்கிங் அறைக்குள் அவள் அந்த மூட்டையோடு நுழைந்தபோது முதலாளியம்மா கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "என்னம்மா, வீட்டைக் காலி பண்ணிட்டியா?"

"இல்லம்மா. வீட்டுக்காரரைக் காலி பண்ணி இங்க வரவைக்கறேன்."

அட்டைப் பெட்டிகள் ஓரம் கட்டப்பட்டிருந்தன. உத்தரத்திலிருந்து ஸ்பீக்கரை இறக்கி மேசையில் வைத்திருந்தார்கள். பக்கத்து அறையில் ஆறிப்போன அடுப்பின் வாய்க்குள் மெக்கானிக் கரி சுரண்டுகிற சத்தம் கரகரவென்று கேட்டது. வேன் டிரைவர் தன் பாட்டுக்கு அம்மாவோடு ஆடினான். க்ரீம் தன் பாட்டுக்கு யாரோடு ஆடுவது என்று கடைசி வரை முடிவு செய்யாமல் இரண்டு பேரை வரிசையில் நிற்கவைத்தாள்.

அடுப்பக்காவின் கண் வாசலிலேயே இருந்தது.

அவன் வந்தான். தலை கலைந்து, கழுத்தை ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு. "என் தலையணை எங்க?"

"தர்றேன். ஒரு பாட்டு முடியட்டும்."

"எனக்கு ஆடத் தெரியாது."

"எனக்கு மட்டும்? நில்லுங்க, போதும்."

"மாஸ்டர்" என்றார் முதலாளியம்மா, "சட்டம் தெரியுமில்ல? பாட்டு முடியற வரைக்கும் நகரக் கூடாது."

க்ரீம் பாட்டைப் போட்டாள்.

மாஸ்டரின் முகம் மாறியது. முதல் சத்தத்திலேயே அவன் கை தானாக எழுந்து இல்லாத தட்டு ஒன்றை இல்லாத அடுப்புக்குள் தள்ளியது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் அசடு வழியச் சிரித்தான். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். பாட்டு படியேறியது. அவளுக்குத் தெரியாத வரிகள். அவனுக்குத் தண்ணீர்பட்ட பாடு. அவன் வாய்க்குள் சேர்ந்து பாடினான். நல்ல குரல்தான் அவனுக்கு. அதை அவள் அறிந்திருக்கவே இல்லை.

வயலின் வந்தது.

அவன் அவள் கையை விட்டான். வேண்டுமென்று செய்யவில்லை, விரல்கள் அதுபாட்டுக்குப் பின்னால் போய் இல்லாத ஏப்ரனின் முடிச்சைத் தேடின. உடம்பு பின்வாசல் பக்கம் திரும்பியது. "பன்னு உள்ள இருக்கு" என்று சொல்லிக்கொண்டே நடக்க ஆரம்பித்துவிட்டான்.

அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. வேன் டிரைவர் மட்டும் ஓடிப்போய் வாசலில் கையை விரித்து நின்றான். "பஸ் இன்னைக்கு இல்ல மாஸ்டர். நான்தான் பஸ்."

அடுப்பக்கா இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. பின்னால் ஓடினால் தானும் சட்டத்தை மீறியதாகும். நின்ற இடத்திலிருந்தே சொன்னாள்.

"சரின்னு சொல்ல மாட்டேன். இன்னைக்கு இங்கதான் இருக்கணும் நீங்க. இது என்னோட பாதி."

மாஸ்டர் திரும்பினான். வயலின் ஓடிக்கொண்டே இருந்தது. அவன் தலையைச் சாய்த்துக் கேட்டான், முதல் தடவையாக. பிறகு திரும்பி நடந்து வந்து அவள் எதிரில் நின்றான்.

"இதுக்கப்புறம் என்ன வரும்?"

"கேளுங்க."

பாட்டு மறுபடி எழுந்தது. இந்த முறை வரிகள் அவளுக்குத் தெரிந்தவை. அவள் பாடினாள். குரல் சுமார்தான். அடுப்பின் முன்னால் தனியாகப் பாடிப் பழகியது. பேக்கிங் அறையின் நடுவில் பாடியதில்லை. இருந்தாலும் நிறுத்தவில்லை. மாஸ்டர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான், மாவு உப்பி வருவதைப் பார்க்கிற மாதிரி.

"இவ்வளவு நாளா இதை விட்டுட்டா பஸ் ஏறினேன்?" என்றான்.

"பேசாம கேளுங்க. முடியப் போகுது."

முடியப் போகிறது என்பது அவளுக்கு மட்டுமா தெரியும்? அறையே விறைத்தது. கதை பேசிக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடினார்கள். ஒருவர் ஜூஸ் டம்ளரைக் கீழே வைத்தார். கடைசி வரி இறங்கியது. இழுத்தது. நின்றது.

அவ்வளவுதான். மொத்தக் கூட்டமும் பிய்த்துக்கொண்டு அடுப்பு அறைக்குப் பறந்தது. க்ரீம், வேன் டிரைவர், வேன் டிரைவரின் அம்மா, கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு முதலாளியம்மா.

அடுப்பக்காவின் வலது காலும் தரையை விட்டு எழுந்தது. எத்தனை வருடப் பழக்கம். ஓட மாட்டோம் என்று சவால் விட்டவளே ஓடத் தயாராகிவிட்டாள். மணிக்கட்டில் ஒரு பிடி விழுந்தது. ராத்திரியெல்லாம் மாவு பிசைகிற கை; லேசில் விடாது.

"அடுப்பு அணைஞ்சிருக்கு" என்றான் மாஸ்டர் மெதுவாக.

கால் தரைக்கு வந்தது.

அடுப்பு அறையில் யாரோ கதவைத் திறக்கிற சத்தம். அதைத் தொடர்ந்து மெக்கானிக்கின் குரல், கரியும் எரிச்சலுமாக: "என்னங்க எல்லாரும் எட்டிப் பார்க்கறீங்க? நான் இன்னும் வேகல."

சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று. அந்தச் சிரிப்பெல்லாம் அடுத்த அறையில்தான் நடந்தது. இந்த அறையில் இரண்டே பேர், நடுவில், நகராமல். வயலினில் மாஸ்டர் போட்ட நாலு எட்டை விட்டுவிட்டால், சட்டத்தை மீறாதவர்கள் அவர்கள் மட்டும்தான். அந்த வாரம் முதலாளியம்மா உட்பட அத்தனை பேரும் முறைபோட்டுத் தட்டுக் கழுவினார்கள்.

"தலையணை வேணுமா?" என்று கேட்டாள் அடுப்பக்கா.

"அப்புறம் பார்க்கலாம். இதை இன்னொரு தடவை போடச் சொல்லு."

*

பார்ட்டி அன்று இரவே அடுப்பு மறுபடி மூட்டப்பட்டது. மறுநாள் காலை, பன்னுத் தட்டு உள்ளே போகும் முன்பே பின்வாசல் திறந்தது. அடுப்பக்கா ஏப்ரனைக் கட்டிக்கொண்டே உள்ளே வந்தாள். மாஸ்டர் ஒரு வார்த்தையும் கேட்காமல் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான். இருவருமாகத் தட்டைத் தள்ளினார்கள். அவன் பாட்டைப் போட்டான்.

வயலின் வந்தது. தெருவில் பஸ் வந்து நின்று, ஹாரன் அடித்து, காத்திருந்து, கிளம்பியது.

"பஸ் போச்சு" என்றாள்.

"போகட்டும்" என்றான் அவன். "பன்னு உள்ள இருக்கு."